வேம்பாரில் விறைப்பு: ஒரு முதற்கட்ட ஆய்வு

ஆங்கிலேயர் ‘ஸ்டிஃப்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பிடித்த கழுத்தையும், கடும் போட்டியையும், தாராளமாக ஊற்றிய விஸ்கியையும், பேச்சுவழக்கில் பிணத்தையும் சமாளித்துவிடுகிறார்கள். அகராதிக்காரர்கள் அதன் உறவை லத்தீனில் ‘நெருக்கி அடைத்தல்’ வரை இழுத்துப் போகிறார்கள். நம் விறைப்பும் சளைத்ததல்ல. குளிரில் கை விறைக்கிறது, சல்யூட்டில் போலீஸ்காரர் விறைக்கிறார், செத்தவர் யார் சொல்லாமலும் விறைக்கிறார். (லேகிய விளம்பரங்கள் சுட்டும் பொருள் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.)

களம் வேம்பார். பரதவரின் ஏழு கடல்துறைகளில் வடகோடி. ஒருபக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பனங்காடு. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது, விறைப்பு நிற்கவில்லை.

முதல் சான்று மீன். ஏலத்துக்கு வந்த பாறை மீனைத் தலைப்பக்கம் பிடித்துத் தூக்குங்கள். வால் தொங்காமல் நேராக நின்றால் தைரியமாக வாங்கலாம். செத்து அதிக நேரம் ஆகியிருக்காது. தசைக்குச் சக்தி தரும் ஏடிபி தீர்ந்ததும் நார்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. பிறகு நொதிகள் வேலையைக் காட்ட, பிடி விடுகிறது. விறைப்பான மனிதரைக் கண்டால் ஒதுங்குகிற நாம், மீனில் மட்டும் அதற்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம்.

கஞ்சி போட்ட வேட்டியின் கதை சிறியது. காலைத் திருப்பலிக்கு மொடமொடக்கும். மத்தியானத்துக்குள் கடற்காற்றில் துவண்டுவிடும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பே கசிகிறது, அரிசிக் கஞ்சி எம்மாத்திரம்?

ஆய்வின் உயிர் கருப்பட்டியில் இருக்கிறது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைக் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுகிறார்கள். (சுண்ணாம்பு தடவாவிட்டால் கள், அது விறைப்பைக் குலைக்கும் தனித்துறை.) பத்து லிட்டருக்கு ஒரு கிலோ சொச்சம் தேறும். பதம் முந்தினால் இளகும், பிந்தினால் கருகும். அடுப்படியில் அகப்பையோடு நிற்கும் பெண்ணிடம் தெர்மாமீட்டர் கிடையாது. பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். சீனி கலந்த சரக்கோ அசாத்திய இறுக்கத்தோடு மினுங்கும். ஆகவே இவ்வாய்வாளர் முன்மொழியும் விதி: அளவு மீறிய விறைப்பு கலப்படத்தின் அறிகுறி. இதை அரசியல் மேடைகளிலும் சோதிக்க எண்ணியிருந்தோம், நிதியுதவி கிடைக்கவில்லை.

நல்ல கருப்பட்டிக்கும் ஐப்பசி மழை ஆகாது, கசிந்துவிடும். அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி வைத்தால் தாங்கும். வாங்க நினைப்பவர்கள் மழைக்கு முன்பே வேம்பாருக்குப் பஸ் ஏறிவிடவும்.