மண்டபத்தில் கூடும் பழைய நண்பர்கள்

வெளியூர் நண்பர்கள் கூடும் கல்யாணம் வாட்ஸ்அப் குழுவில் தொடங்குகிறது. "எல்லாரும் வர்றோம்டா" என்று எழுதுவோரில் பாதிப்பேருக்கு, தேதி நெருங்கியதும் ஆபீசில் ஆடிட் முளைக்கும். தமிழகத்தில் வரவேற்பு பெரும்பாலும் முதல் நாள் மாலையே நடப்பதால், பெங்களூரிலிருந்து வருபவர் பையும் கையுமாக மேடை வரிசையில் நிற்பார். மாப்பிள்ளையுடன் கிடைப்பது ஒரு போட்டோ நேரம். அதிலும் பேசுபவர் போட்டோகிராபர்தான். அடுத்தது பந்தி. பத்தாண்டுக் கதை ரசத்துக்கும் மோருக்கும் இடையில் முடிந்தாக வேண்டும். நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்தி ஆள் காத்திருக்கிறார். மீதிக் கதை லாட்ஜ் அறையில் விடிய விடிய ஓடும். விளைவாக, காலை 6 மணி முகூர்த்தத்தில் விழித்திருக்கும் ஒரே நண்பர் மாப்பிள்ளை. கடைசியில் கூட்டு மொய் 5,001 ரூபாய். அந்த ஒரு ரூபாயைப் போட்டவர் பெயர் உறையில் முதலாவதாக இருக்கும்.