ஊரார் பிள்ளைக்கு உளி

டேவிட் ஸ்னெடனைத் தெரியுமா? தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். அமெரிக்காவிலேயே கல்வி வரலாறு படிப்பவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த நாட்டில் தொழிற்கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று கோடு கிழித்தவர்களில் முக்கியமான ஆசாமி இவர்தான்.

1909இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கல்வி கமிஷனர். அவர் தத்துவம் ரொம்ப சிம்பிள். பொருள்களை உருவாக்க ஒரு படிப்பு, அனுபவிக்க ஒரு படிப்பு. லேத்தும் ரம்பமும் முதல் வகை. கவிதையும் ஓவியமும் இரண்டாவது. இரண்டையும் கலந்தால் சாம்பாரில் பாயசம். எந்தப் பிள்ளை எந்த வேலைக்குப் போகும் என்று முன்கூட்டியே கணித்து, வரிசை பிரித்துவிட வேண்டியதுதான். சொன்னவர் உளி பிடித்துப் பிழைத்தவர் என்று நினைக்கிறீர்களா? ஸ்டான்ஃபோர்டில் பட்டம், கொலம்பியாவில் டாக்டர் பட்டம். ஊரார் பிள்ளைக்குத்தான் உளி!

அந்த டாக்டர் பட்டம் எதற்கு என்று கேளுங்கள். தப்பு செய்த சிறுவர்களை அடைத்துவைக்கும் சீர்திருத்தப் பள்ளிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு! அங்கே நடக்கும் தொழில் பயிற்சியைப் பார்த்து மனிதர் சொக்கிப்போனார். சொக்காமல் என்ன? அங்கே பேரன்ட் டீச்சர் மீட்டிங் கிடையாதே.

அதோடு விட்டாரா? பின்னாளில் கல்வியை அளக்க அலகுகள் கண்டுபிடித்தார். கற்பதில் ஆகச்சிறிய துணுக்கு ஒரு ‘பெத்’. ஒரே ஒரு சொல்லுக்கு ஸ்பெல்லிங் தெரிந்துகொண்டால் ஒரு பெத் ஆயிற்று. சராசரி மாணவன் 60 மணி நேரத்தில் முடிக்கும் பாடம் ஒரு ‘லாட்மென்ட்’. இன்றைய கார்ப்பரேட் மேனேஜர்கள் கே.பி.ஐ. என்று நம் உயிரை எடுக்கிறார்களே, அவர்களெல்லாம் ஸ்னெடனின் படத்துக்கு மாலை போட வேண்டும். படம் கிடைத்தால்.

எதிர்முனையில் நின்றவர் ஜான் டூயி. மகா தத்துவவாதி. 1896இல் சிகாகோவில் பரிசோதனைப் பள்ளி ஒன்று தொடங்கி, சமையல், தையல், தச்சு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகளைச் சமையல்காரர் ஆக்கவா? ஐயோ, இல்லை. முட்டையை வேகவைத்தால் வேதியியல், பஞ்சை நூற்றால் வரலாறு! அந்தப் பிள்ளைகளில் பலர் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகள். தறி முன்னால் உட்கார்ந்தாலும் வயிற்றுப்பாட்டுக்கு நெய்ய வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள்.

ஜனநாயகம், கூட்டு வாழ்க்கை என்றெல்லாம் எழுதிக் குவித்த டூயி, 1904இல் சிகாகோவை விட்டே கிளம்பினார். ஏதோ பெரிய கொள்கை மோதல் என்று எதிர்பார்ப்பீர்கள். பள்ளியில் பிரின்சிபாலாக இருந்த அவர் மனைவியின் பதவியைப் பற்றிப் பல்கலைக்கழகத் தலைவரோடு தகராறு.

1915இல் ‘நியூ ரிபப்ளிக்’ பத்திரிகையில் இருவரும் மோதிக்கொண்டார்கள். பழைய பண்டிதர்கள் திட்டுவது எனக்குப் பழகிவிட்டது, டூயியுமா அந்தப் பக்கம் சேர வேண்டும் என்று ஸ்னெடன் மூக்கைச் சிந்தினார். டூயியின் பதில் காரமானது. இன்றிருக்கும் ஆலைக்கு ஏற்றபடி தொழிலாளியைச் செதுக்கித் தரும் படிப்பு எனக்கு வேண்டாம், அந்த ஆலையமைப்பையே மாற்றும் அறிவைத் தரும் படிப்பு வேண்டும் என்றார். படித்தவர்கள் கைதட்டினார்கள். விவாதத்தில் வென்றவர் டூயி. இரண்டே வருடத்தில் சட்டம் வந்தது, ஸ்னெடன் கட்சிக்குச் சாதகமாக!

1917 பிப்ரவரி 23, தொழிற்கல்விக்கான ஸ்மித்–ஹியூஸ் சட்டம். பெயரில் இரண்டு அரசியல்வாதிகள். பின்னால் இருந்து உருவாக்கியவர் சார்லஸ் புரோசர். மாசசூசெட்ஸில் ஸ்னெடனுக்கு டெபுடியாக இருந்த அதே புரோசர். டூயி கட்டுரை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் காரியத்தை முடித்துவிட்டார்.

1925இல் புரோசர், ஆலன் என்பவரோடு சேர்ந்து தொழிற்கல்விக்கு 16 விதிகள் எழுதினார். முதல் விதி: பயிலும் இடம், பின்னால் வேலை செய்யப்போகும் இடத்தின் அச்சு அசலாக இருக்க வேண்டும். அடுத்தது: அதே கருவி, அதே மெஷின், அதே வேலைமுறை. நியாயம்தான். ஆனால் தொழிற்சாலைக்கு அச்சு அசலான இடம் தொழிற்சாலைதானே, பள்ளிக்கூடம் எதற்கு? இன்னொரு விதி, வாத்தியார் அந்தத் தொழிலில் கைதேர்ந்தவராக இருக்க வேண்டும் என்கிறது. இந்த விதியைப் பல கல்லூரி வாசல்களில் ஒட்டினால் ஸ்டாஃப் ரூம் காலியாகிவிடும்.

கிளைமாக்ஸ் 1945இல். வாஷிங்டன் மாநாடு ஒன்றில் புரோசர் எழுந்து நின்றார். தொழிற்கல்வி 20 சதவீதப் பிள்ளைகளுக்குப் பொருந்தும், கல்லூரிப் படிப்பு இன்னொரு 20 சதவீதத்துக்கு. மீதி 60 சதவீதத்துக்கு இரண்டுமே பொருந்தாது என்றார்! வாழ்நாள் முழுக்கத் தொழிற்கல்விக்கு வாதாடியவர் சார் இவர். அந்த 60க்காக ‘வாழ்க்கைக்கு இசைய வைக்கும் கல்வி’ என்று புது இயக்கம் பிறந்தது. விளைவு? சில பள்ளிகளில் டேட்டிங் போவது எப்படி என்றுகூடப் பாடம். புரோசரின் முதல் விதிப்படி இதற்கும் அச்சு அசல் சூழல் வேண்டுமே. எந்த ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போடுவார்?