அரைக்காசுக் குதிரையும் கடுகண்ணாவ ஏத்தமும்

வா தம்பி, உக்காரு. வண்டி பாத்திருக்கியாமே? செவப்பாம், தாழ்ந்து தரையத் தொடுமாம், உறுமினா ஹந்தானை மலை திரும்பிப் பாக்குமாம். மஹியாவயில இருந்து கெட்டம்பே வரைக்கும் சொல்லிட்ட, எனக்கு மட்டும் கடைசியா சொல்ற. கிழவன் ரெண்டு கேள்வி கேட்டுப்புடுவான்னு பயமா?

கேக்கத்தான் போறேன். லீற்றருக்கு எத்தன கிலோமீற்றர்? வருசத்துக்குக் காப்புறுதி எவ்வளவு?

பாத்தியா, முழிக்கிற. நூறு கிலோமீற்றர் வேகத்த எத்தன செக்கன்ல புடிக்கும்னு மட்டும் தேவாரம் மாதிரி ஒப்பிக்கிற. சரி ராசா, அந்த நூறுல எங்க போகப் போற? ஊருக்குள்ள சட்டம் 50. ஊருக்கு வெளிய 70. நூறுல ஓடணும்னா அதிவேகப் பாதைக்குப் போகணும். 2022 ஜனவரியில மீரிகமயில இருந்து குருநாகல் வரைக்கும் தொறந்தாங்க. கண்டிப் பக்கம் வர வேண்டிய துண்டு இன்னும் வந்து சேரல. அப்ப, நீ வாங்கப் போற வேகத்த அனுபவிக்க மொதல்ல குருநாகலுக்கு எறங்கணும். போய் ஓட்டிட்டு, திரும்பி வந்து வீட்ல படுக்கணும். நல்ல பொழப்பு.

கண்டிக்குள்ள என்ன நடக்கும்னு நான் சொல்லணுமா? 1998 ஜனவரியில தலதா மாளிகையில குண்டு வெடிச்சதுக்கப்பறம் அதுக்கு முன்னால இருக்கிற ரோட்டுல வாகனம் விடறதில்ல. எல்லாம் கொளத்தச் சுத்தித்தான் வரணும். பள்ளிக்கூடம் விடுற நேரத்துல போய்ப் பாரு. உன்னோட குதிரைப் படையும், தக்காளிப் பொட்டி ஏத்துன லொறியும், பிளாஸ்டிக் கதிரை ஏத்துன ஓட்டோவும் ஒரே வேகத்துலதான் நகரும். ஓட்டோக்காரன் கொஞ்சம் முந்துவான், சந்து தெரியும் அவனுக்கு.

நகராம நிக்கிற நேரத்துலயும் இஞ்சின் குடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். பெரிய இஞ்சின் பெரிய வாயால குடிக்கும். வண்டிக்காரன் காகிதத்துல எழுதியிருக்கிற கணக்கு எங்க அளந்ததுன்னு நெனைக்கிற? பட்டறைக்குள்ள, உருளை மேல சக்கரத்த வச்சு அளந்தது. அந்த உருளைக்குக் கடுகண்ணாவ ஏத்தம் தெரியுமா? மாவனல்லையத் தாண்டி மேல ஏறும்போது முன்னால மரம் ஏத்துன லொறி ஒண்ணு மொனகிக்கிட்டுப் போகும். முந்த முடியாது. ரெண்டாவது கியர், மொதல் கியர், திரும்ப ரெண்டாவது. நின்னு, எடுத்து, நின்னு, எடுத்து. எடுக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு மடக்கு. அங்க போய் லீற்றருக்கு எவ்வளவுன்னு பாரு. காகிதத்த மடிச்சு வச்சிருவ.

நீ பாத்திருக்கிறது மஸ்டா ஆர்எக்ஸ்-8 தானே? தெரியும். விலை கொறைவா இருக்கேன்னு ஒவ்வொரு இளவட்டமும் அதுலதான் போய் விழுவான். 2003ல இருந்து 2012 வரைக்கும் செஞ்ச வண்டி. இஞ்சின் 1.3 லீற்றர்னு காகிதம் சொல்லும். அடடா, சின்ன இஞ்சின், கொஞ்சமாத்தான் குடிக்கும்னு நெனைப்ப. அங்கதான் சூட்சுமம் இருக்கு. அதுல மேலயும் கீழயும் போற பிஸ்டன் கெடையாது. முக்கோணம் மாதிரி ஒண்ணு உள்ள சுத்தும். அமெரிக்காக்காரன் அளந்து பாத்து, நகரத்துக்குள்ள லீற்றருக்கு 7 கிலோமீற்றருக்கும் கொஞ்சம் கொறைவுன்னு எழுதி வச்சிருக்கான். அது சமதரைக் கணக்கு. நம்ம மேடு பள்ளத்துக்கு 6ன்னு வச்சுக்க, அதுவே தாராளம்.

பெற்றோலோட விட்டா பரவால்ல. அந்த முக்கோணத்தோட மூலைக்கு வழவழப்பு வேணும்னு இஞ்சின் தானே கொஞ்சம் கொஞ்சமா ஆயிலை உள்ள விட்டு எரிக்கும். கோளாறு இல்ல தம்பி, செஞ்சதே அப்படித்தான். ரெண்டு தடவ பெற்றோல் அடிச்சா ஒரு தடவ கம்பிய உருவி ஆயில் பாக்கணும். இன்னொரு கூத்து இருக்கு. சூடாகாத இஞ்சின ஸ்டார்ட் பண்ணி, வாசல்ல இருந்து கேட்டு வரைக்கும் நகட்டிட்டு ஓஃப் பண்ணிப் பாரு. உள்ள பெற்றோல் நெரம்பி, மறுபடி ஸ்டார்ட் ஆகாம சதி பண்ணும். அடுத்த வீட்டுக்காரருக்கு வழி விட வண்டியத் தள்ளிப் போட்டேன், அதுக்கப்பறம் எழும்பவே இல்லன்னு கராஜ்ல வந்து அழுவாங்க. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் எந்த கராஜ் பாஸைக் கேட்டாலும் அந்த இஞ்சின்னா, கைய வேட்டியில தொடச்சுக்கிட்டு, "கொழும்புக்குக் கொண்டு போங்க"ன்னு சொல்லுவாரு.

நாலஞ்சு வருசம் முன்னால பட்டது மறந்துருச்சா? 2022 ஜூன் கடைசியில 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. உன் வண்டி கேக்குற 95 ஒக்டேன் 550 ரூபா. அந்த விலைக்கும் கெடைக்கல. ஷெட்டுல ராப்பகலா வரிசை. பொறகு பெற்றோல அளந்து குடுக்கக் கியூஆர் வந்துச்சு. மொதல்ல காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்னு அளந்து குடுத்தாங்க. கணக்குப் போடு. 20 லீற்றர், லீற்றருக்கு 6ன்னா 120 கிலோமீற்றர். கண்டியில இருந்து கொழும்பு ஏறத்தாழ 115. நல்லாப் போய்ச் சேருவ. காலி முகத்திடல்ல கடலப் பாத்துக்கிட்டு அடுத்த வாரம் வரைக்கும் உக்காந்திருப்ப. வடை வாங்கித் தின்ன காசு இருக்காது, ஏன்னா போற வழிக்கே கிட்டத்தட்ட 11,000 ரூபா போயிருக்கும். பக்கத்து வீட்டு அல்டோ லீற்றருக்கு 16 ஓடுதுன்னு வை. அதே 20 லீற்றர்ல கொழும்புக்குப் போய்த் திரும்பி, மிச்சத்துல ஒரு தடவ நுவரெலியாவும் ஏறிரும். அந்த வருசம் ஊருல ராசா யாருன்னு நெனைக்கிற? அல்டோக்காரன்தான். பொண்ணு குடுக்கக்கூட முன்னுக்கு வந்தாங்க.

அந்த கியூஆர 2023 செப்டெம்பரோட எடுத்துட்டாங்கதான். விலையும் எறங்குச்சு. ஆனா எறங்குனது ஏறாதுன்னு உனக்கு யாரு எழுதிக் குடுத்தா?

நான் கலஹாப் பக்கம் தோட்டத்துல கொழுந்து லொறி ஓட்டுனவன். அங்க இருந்த ஒரு தொரை ரெண்டு சீட்டு மோட்டார் வச்சிருந்தாரு. கூரை கெடையாது, ஞாயித்துக்கெழம கண்டிக்கு எறங்குவாரு. லயத்துப் புள்ளைங்க எல்லாம் வாயப் பொளந்து பாக்கும். நான் அந்த வண்டியப் பாக்க மாட்டேன், பெற்றோல் புத்தகத்தத்தான் பாப்பேன். எல்லாம் தோட்டத்துக் கணக்கு. மழையில நனைஞ்சு கொழுந்து பறிச்சவங்கதான் அவருக்கு எண்ணெய் ஊத்துனாங்க. அப்படி ஒரு ஏற்பாடு உனக்கும் இருந்தா இப்பவே சொல்லு, பேச்ச நிறுத்திர்றேன். இல்லையே? சம்பளத்துல பாதி லீசிங்குக்குப் போகப் போகுது. பிறகென்ன.

பெற்றோலாவது ஓட்டாம நிறுத்திட்டா மிச்சம். காப்புறுதி அப்படியில்ல. ஓட்டுனாலும் கட்டணும், தார்ப்பாய் போட்டு மூடி வச்சாலும் கட்டணும்.

மூணாந்தரப்பு போட்டுக்கலாமேன்னு சொல்லுவ. 1951ஆம் வருசத்து மோட்டார் வாகனச் சட்டப்படி அது இல்லாம ரோட்டுலயே ஏற முடியாது. அதுவும் புகைப் பரிசோதனைத் துண்டும் இருந்தாத்தான் வருசா வருசம் வருமான அனுமதிப்பத்திரமும் கெடைக்கும். காசும் கொறைவு. ஆனா அது நீ இடிச்சவனுக்குக் குடுக்கிற காசு. உன்னோட செவப்புக் குதிரை நொறுங்கினா ஒரு சதம் வராது. நீ விட்டாலும் லீசிங்காரன் விடுவானா? கடன் முடியுற வரைக்கும் வண்டி அவனோடது. புல் இன்ஷூரன்ஸ் போட்டுத்தான் ஆகணும்னு மொதல் பக்கத்துலயே கையெழுத்து வாங்கிருவான்.

புல் இன்ஷூரன்ஸ் கட்டணம் வண்டியோட பெறுமதிய வச்சு வரும். வெளிநாட்டுல வண்டி கெழடானா விலை எறங்கும், காப்புறுதியும் சேந்து எறங்கும். நம்ம நாட்டுல? 2020 மார்ச்சுல வாகன எறக்குமதிய நிறுத்துனாங்க. தனியார் காருக்கு 2025 பெப்ரவரியிலதான் மறுபடி கதவு தொறந்துச்சு. அதுவும் இஞ்சின் அளவுக்கு ஒரு வரி, அதுக்கு மேல 18 வீதம் வற். நடுவுல அஞ்சு வருசம் பழைய வண்டியெல்லாம் கெழடாகக் கெழடாக விலை ஏறுச்சு. பத்து வருசம் ஓடுன வண்டிய வாங்குனதுக்கு மேல வித்தவன எனக்கே தெரியும். விக்கிறவனுக்குச் சந்தோசம். வச்சிருக்கிறவனுக்கு? பெறுமதி ஏறுனா கட்டணமும் ஏறும். டயர் தேஞ்சு, சீட்டுக் கிழிஞ்ச வண்டிக்குப் புதுமாப்பிள்ளை விலையில காப்புறுதி.

சூட்டிகையான பயல்க ஒரு வேலை பண்ணுவாங்க. பெறுமதியக் கொறச்சுக் காட்டுவாங்க. ஒரு கோடி வண்டிய அம்பது லட்சம்னு எழுதுவாங்க. கட்டணம் கொறையும், சிரிப்பாங்க. இடிச்சு ரெண்டு லட்சம் செலவு வரும்போதுதான் தெரியும். நீ பாதி பெறுமதிக்குத்தானே காப்புறுதி எடுத்த, அப்ப பாதி நட்டம் உன்னோடதுன்னு கணக்குப் போட்டுக் கையில ஒரு லட்சம் குடுப்பாங்க. யாரு யாரைச் சுத்துனது?

அரைக்காசுக்குக் குதிரையும் வேணும், அது ஆத்தத் தாண்டிப் பாயவும் வேணும்னு பெரியவங்க சிரிப்பாங்க. நம்ம ஊருல அந்த ஆறு மகாவலி.

உன் வண்டியோட முன்பக்கம் தரையில இருந்து ஒரு சாண் இருக்குமா? நம்ம ஊரு ஒழுங்கையெல்லாம் எப்படி ஏறுதுன்னு பாத்தியா? ஒவ்வொரு வாசல்லயும் ஒரு கானு, கானுக்கு மேல ஒரு சிமெந்துப் பலகை. வாரத்துக்கு ஒரு தடவையாவது பம்பர் முத்தம் குடுக்கும். அல்டோ பம்பர்னா மத்தியானத்துக்குள்ள ஆள் விட்டு எடுப்பிச்சுரலாம். உன்னோடதுக்குக் கொழும்புல பஞ்சிகாவத்தையில தேடணும், இல்லாட்டி ஜப்பான்ல இருந்து கப்பல் வரணும். காப்புறுதிக் கொம்பனிக்குக் கோல் எடுத்தா எசெசர் வருவாரு, அதுவும் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள்ல. ஹெல்மெட்ட உன் பொனட் மேல வச்சிட்டு நாலு படம் எடுப்பாரு. வண்டி பழசு, அதனால சாமானுக்குத் தேய்மானம் கழிப்போம்பாரு. ஓட்டுனவன் இளவட்டமா, அனுபவம் கொறைவா, அப்ப மொதல் தொகை நீங்கதான் போடணும்பாரு. எல்லாம் கழிச்சு ஏதோ கையில வரும். அதை வாங்குன உடனே, இத்தன வருசம் கோராம சேத்து வச்ச தள்ளுபடி போயிரும். அதனாலதான் வெவரமானவன் சின்னச் சின்னக் கீறலுக்குக் கோரவே மாட்டான். கட்டணமும் அவனே கட்டுவான், பம்பரும் அவனே வாங்குவான். இதுக்குப் பேரு காப்புறுதியாம்.

கலகம், பயங்கரவாதம், வெள்ளம், மண்சரிவு இதெல்லாம் பல பொலிசியில தனியாச் சேத்துக்கணும். இதுல மட்டும் நான் சிரிக்க மாட்டேன். 2025 நவம்பர்ல டித்வா புயல் வந்து நம்ம மாவட்டத்த என்ன பண்ணுச்சுன்னு கண்ணால பாத்தோம். எந்த வண்டி வாங்குனாலும் இயற்கை அழிவு சேந்திருக்கான்னு கேட்டு எழுதி வாங்கிக்க. ஏஜண்டு தலையாட்டுனா போதாது.

சைலன்சர மாத்தி உறும வைப்பேன்னு சொன்னியே, அதையும் கொம்பனிக்குச் சொல்லிரு. சொல்லாம மாத்துனா, அதைச் சாட்டி உன் கோரிக்கையத் தள்ளிவிட இடம் குடுப்ப.

இல்ல தாத்தா, பாக்கிறதுக்கு ஸ்போர்ட்ஸ் மாதிரி, குடிக்கிறது கொறைவுன்னு ஹொண்டா சிஆர்-ஸெட் இருக்கேன்னு ஒருத்தன் கேட்டான். இருக்கு. 2010ல வந்த ஹைபிரிட். பெற்றோல் மிச்சம், ஒத்துக்கிறேன். பெட்டரி போனா அந்த மிச்சத்த எடுத்து அதுல போட்டுரு. பின் சீட்டுல மாமியாரை உக்கார வச்சா, எறக்க ரெண்டு பேர் வேணும்.

சரி, இவ்வளவு சொல்லியும் கேக்க மாட்ட, மொகத்தப் பாத்தாலே தெரியுது. அப்ப வாங்குறதுக்கு முன்னால ஒண்ணு செய். முற்பணம் குடுக்கிறதுக்கு முந்தி, வண்டி நம்பரக் குடுத்து ரெண்டு மூணு எடத்துல காப்புறுதி எவ்வளவுன்னு கேளு. லீசிங் தவணையையும், 12ஆல பிரிச்ச காப்புறுதியையும், மாசப் பெற்றோலையும் ஒரே கடதாசியில எழுது. உங்கம்மாகிட்டக் காட்டாத, பாவம்.

உனக்கு வேகம்தான் ஆசைன்னா எனக்குத் தெரிஞ்ச ஒரு எடம் இருக்கு. நுவரெலியாவுல மஹகஸ்தோட்டை. 1934ல தொடங்குன மலையேற்ற மோட்டார் ஓட்டம், ஏப்ரல் சீசன்ல வைப்பாங்க. ரோட்ட மூடி, கடிகாரம் வச்சு, ஒவ்வொருத்தனா மேல பாய்வான். இந்த மாதிரி வண்டிய என்னத்துக்குச் செஞ்சானோ அதுக்கு அதுதான் எடம். நீ ஓட்டு, நான் வந்து கை தட்டுறேன்.

ஆனா பொலிசியத் திருப்பிப் பாத்துட்டுப் போ. பொடி எழுத்துல ஒண்ணு கெடக்கும்: ஓட்டப் போட்டி, வேகச் சோதனை, இதுல வர்ற சேதத்துக்கு நாங்க பொறுப்பில்லன்னு. கண்டி நெரிசல்ல நிக்கிறதுக்கு வருசா வருசம் காசு வாங்குவாங்களாம். வண்டி பொறந்த காரியத்த அது செய்யும்போது மட்டும் கூட வர மாட்டாங்களாம்.

பாக்க மட்டும் போறதுன்னா கண்டியில இருந்தே நுவரெலியாவுக்கு பஸ் இருக்கு. சீசன்ல கூட்டம் அள்ளும், விடியக்காலையில போய் ஜன்னல் சீட்டுப் புடிச்சுக்க.