வாங்கிரு கண்ணு, அப்புச்சி குறுக்க நிக்கல

புதுப் போன் வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டே. அப்புறம் எதுக்கு சாமி அப்புச்சிகிட்ட வந்து ரோசனை கேக்கறே? வாங்கிரு. உன்ற காசு, உன்ற ஜோப்பு. சரவணம்பட்டில ராவும் பகலும் கம்ப்யூட்டர் முன்னால குந்தி சம்பாரிக்கறே. மூணு வருசம் ஒரே போனை வெச்சுக் காலந்தள்ளுனது லேசுப்பட்ட தியாகமா? ஊர்ல பந்தல் போட்டு உனக்கு மாலை போடோணும்.

ஒன்னே ஒன்னு மட்டும் சொல்லிட்டுப் போ. அந்தப் பழைய போனுக்கு என்ன சீக்கு?

"ஸ்லோவா இருக்குதுங்க அப்புச்சி." அது சீக்கு இல்ல கண்ணு, பொலம்பல். "கேமரா சுமார்தானுங்க." போன நோம்பிக்கு நூத்துக்கணக்குல எடுத்துத் தள்ளுனியே, அதுல ஒரு படத்தையாவது திரும்ப ஒருக்கா எடுத்துப் பாத்தியா? "ஆபீஸ்ல எல்லாரும் மாத்திட்டாங்க." ஆங், இது சீக்குதான். ஆனா போனுக்கு வந்தது இல்ல.

நம்ம காட்டுல போர் மோட்டார் நின்னு போச்சுன்னா என்ன பண்றோம்? உங்க மாமன் நேரா கோயமுத்தூர் போயி புது மோட்டாரத் தூக்கிட்டா வர்றான்? மொதல்ல வெறும் கெப்பாசிட்டர்தான் போச்சான்னு பாக்கறோம், இல்லாட்டி மேல ஏத்தி, ஒர்க்சாப்புல பிரிச்சு, காயில் எரிஞ்சுதா, பேரிங் தேஞ்சுதான்னு பாக்கறோம். காயில் கட்டறதா இருந்தாக் கட்டறோம். ஒருக்காக் கட்டலாம், ரெண்டுதரம் கட்டலாம். அதுக்கு மேலயும் கட்டிக்கிட்டே இருந்தா தண்ணி கொறஞ்சு கரண்ட் எச்சா இழுக்கும். அப்பக் கம்முனு புதுசு வாங்கிடறோம். காடு வெச்சிருக்கற எந்தக் கெழவனுக்கும் இது தெரியும். இஞ்சினியருக்குப் படிச்ச நீங்கதான், எந்த உறுப்பு போச்சுன்னே கேக்காம நேரா கருமாதிக்கு நாள் பாக்கறீங்க.

போன்ல மொதல்ல சோந்து போறது பேட்டரி. ஐபோன் 14 வரைக்கும் ஆப்பிள் கம்பெனி சொல்ற கணக்கு என்னன்னா, 500 தடவை முழுசாத் தீந்து ஏறுன பொறவு பேட்டரி பழைய கொள்ளளவுல 80 சதவீதம் தாக்குப் புடிக்கோணும். 15-ல இருந்து அதை 1000 தடவைன்னு ஆக்கியிருக்காங்க. இன்னிக்குப் பாதி, நாளைக்குப் பாதி தீத்தா ரெண்டும் சேந்து ஒரு தடவைன்னு கணக்கு. நீ ராத்திரி போர்வைக்குள்ள ரீல்ஸ் பாக்கற வெசைக்கு அந்த 500 ஒன்றரை வருசத்துலயே தாண்டியிருக்கும். அதுக்கு போன் என்ன பண்ணும்?

அந்த ஸ்லோங்கறதுக்கும் ஒரு கதை இருக்குது. தளந்த பேட்டரிகிட்டத் திடீர்னு எச்சாக் கரண்ட் கேட்டா அதால குடுக்க முடியாது, போன் பொட்டுனு அணைஞ்சிரும். அப்படி அணையக் கூடாதுன்னு ஆப்பிள்காரங்க சாப்ட்வேர் வழியா வேகத்தையே கொறச்சு வெச்சாங்க. வாங்குன சனத்துகிட்ட அதைத் தெளிவாச் சொல்லல. 2017 டிசம்பர்ல குட்டு வெளிய வந்துச்சு. மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாத்தற காச 79 டாலர்ல இருந்து 29 டாலராக் கொறச்சாங்க. பிரான்சு சர்க்கார் 2020-ல இதுக்கு 2.5 கோடி யூரோ தண்டமும் போட்டுச்சு. அதெல்லாம் கெடக்கட்டும். அப்புச்சிக்குப் புடிச்ச கட்டம் நடுவுல இருக்குது. 2018 முழுக்க சனம் பேட்டரிய மட்டும் மாத்திக்கிட்டுப் பழைய போனையே ஓட்டுச்சு. 2019 சனவரி 2-ந் தேதி அந்தக் கம்பெனி பெரிய தலை டிம் குக் பங்குதாரருக்கு ஒரு கடுதாசி எழுதுனாரு. நெனச்ச அளவு ஐபோன் மாத்திக்க ஆள் வரல, அதுக்குக் காரணம் இன்னின்னதுன்னு அடுக்குனாரு. அந்த அடுக்குல, மலிவா பேட்டரி மாத்திக்கிட்டதும் ஒன்னு! பேட்டரிய மாத்துனாப் போதும்னு மொதலாளியே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறாரு கண்ணு. இதுக்கு மேல உனக்கு அப்புச்சி ஒருத்தன் வந்து சொல்லோணுமாக்கும்?

உன்றது ஐபோன் இல்லையா? சரி, அப்ப இடம் எவ்வளவு மிச்சம் இருக்குதுன்னு பாரு. நம்ம ஒரம்பரை குரூப்புல தெனம் விடியக்காலம் பூவும் பொழுதுமா வந்து விழுகுதே, அந்தக் காலை வணக்கத்த ஒட்டுக்கா அழி. இடம் அடைபட்டுக் கெடந்தா எந்தப் போனும் மொனகும். உங்க பெரியம்மா அனுப்புனதை அழிச்சதுக்கே பாதி வேகம் திரும்ப வந்திரும்னு என்ற அனுமானம்.

என்ற போனைப் பாத்துச் சிரிக்காதே. நோக்கியா 1100, 2003-ல வந்த ரகம், தலைல டார்ச்சு வெச்சது. இதுக்குள்ள இருக்கற பிஎல்-5சி பேட்டரில ஒரு கூட்டம் சூடாகுதுன்னு 2007 ஆகஸ்டுல கம்பெனியே அறிவிச்சுச்சு. சப்பான் நாட்டு மட்சுசிட்டா செஞ்சு குடுத்த 4.6 கோடி பேட்டரிய இலவசமா மாத்தித் தர்றோம்னாங்க. அப்பவும் யாரும் போனைத் தூக்கி வீசல. நகத்தால மூடிய நெம்பி, பழசை எடுத்துட்டுப் புதுசைப் போட்டாங்க, சோலி முடிஞ்சுது. இப்ப உங்க போனோட முதுகுல பசை போட்டு ஒட்டி வெச்சிருக்கறான். பேட்டரிய மாத்தோணும்னா கடைல சூடு காட்டி, கண்ணாடி ஒடையாமப் பிரிக்கோணும். அந்தக் கூலிக்குப் பயந்துதான் பாதிப் பேரு புதுசு வாங்கறது. ஐரோப்பாவுல இதைப் பாத்துட்டு 2025 சூன் 20-ல இருந்து சட்டமே வந்திருச்சு. 800 தடவை சார்ஜ் ஏறுனாலும் 80 சதவீதம் நிக்கோணும், ரகம் விக்கறத நிறுத்துன பொறவும் ஏழு வருசம் உதிரி பாகம் கெடைக்கோணும்னு. நம்ம டில்லில 2022 டிசம்பர்ல ரிப்பேர் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் தொறந்தாங்க. தொறந்தது தொறந்தபடி இருக்குது, நீயும் ஒருக்கா எட்டிப் பாரு.

அதுக்காக என்ற போனைக் காட்டி உன்னைய எளக்காரம் பண்ண மாட்டேன். இதுல பேசுவேன், ராத்திரி பொடக்காளிக்குப் போனா வெளிச்சம் அடிப்பேன். பேங்கு இதுக்குள்ள இல்ல. உன்றதுக்குள்ள பேங்கே இருக்குது. அங்கதான் அப்புச்சி உன்ற கட்சிக்கு வர்றேன்.

வாங்குன தேதியப் பாத்துப் போனுக்கு வயசு சொல்லாதே. செட்டிங்சுக்குள்ள போனா கடைசியாப் பாதுகாப்பு அப்டேட் வந்த தேதி இருக்கும், அதைப் பாரு. கூகுள் பிக்சல் 8-க்கும் சாம்சங் கேலக்சி எஸ்24-க்கும் ஏழு வருசம் தர்றோம்னு வாக்குக் குடுத்திருக்காங்க. வெலை கொறஞ்ச போன்ல ரெண்டு மூணு வருசத்துலயே நிறுத்திக்கிற ரகமும் உண்டு. கடைக்காரன் கேமராவுக்கு எத்தன கண்ணுன்னு வாய் வலிக்கச் சொல்லுவான், இதை நீயாக் கேட்டாத்தான் வாயத் தொறப்பான். அப்டேட் நின்னு ஒரு வருசம் தாண்டிருச்சுன்னா, போன் எவ்வளவு வெசயா ஓடுனாலும் அதுல பணப் பரிமாத்தம் வேண்டாம். திருட்டுப் பயலுக பூந்து வர்ற சந்து ஒவ்வொன்னாத் தெரிய வரும், அடைக்க ஆளு இருக்காது. வாட்ஸ்அப்பும் 2025 சனவரில ஆண்ட்ராய்டு 4.4-அக் கை கழுவுச்சு. உங்க பேங்கு ஆப்பும் ஒருநாள் அதையே பண்ணும். அப்படி ஆன போனை அழிக்கோணும்னு இல்ல. பேங்கு ஆப்பை எடுத்துட்டு, சிம்மை எடுத்துட்டு, பாட்டுக் கேக்க வெச்சுக்கலாம்.

ஒரே ஒரு எடத்துல மட்டும் அப்புச்சி எகத்தாளம் பேச மாட்டேன். பேட்டரி உப்பி, திரையோ முதுகோ தூக்கிட்டு நின்னுச்சுன்னா அந்த நிமிசமே சார்ஜ் போடறத நிறுத்திரு. அமுக்காதே, குத்தாதே, குப்பைல போடாதே. வெளங்குனவங்க கடைல குடு. 2016-ல சாம்சங் நோட் 7 தீப்புடிச்சு, கம்பெனியே அத்தனையும் திரும்ப வாங்கி, அதை ஏரோப்ளேன்ல ஏத்தவே கூடாதுன்னு ஆச்சு. நல்லா இருக்கற பேட்டரியயும் வெயில்ல வண்டி முன்னால மாட்டிக்கிட்டு, தலைகாணிக்கு அடில சார்ஜ் போட்டுக்கிட்டு நீ வாட்டக் கூடாது. சூடுதான் அதுக்கு மொத எமன்.

லேப்டாப்பு கதை வேற. உங்கப்பன் லேப்டாப்ப மாத்தோணும்னு ஒத்தக் காலுல நிக்கறானாமா? விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சுது, பேர் பதிஞ்சவங்களுக்கு மட்டும் ஒரு வருசம் தவணை. 11-க்கு மாறோணும்னா டிபிஎம் 2.0ங்கற காவக்காரன் உள்ள இருக்கோணும், பிராசசர் அவங்க பட்டியல்ல இருக்கோணும். நல்லா ஓடிக்கிட்டிருந்த மெசினெல்லாம் ஒரே நாள்ல செத்ததாகக் கணக்குல எழுதிட்டாங்க.

உன்ற மாமன் மவ என்ன பண்ணுனா தெரியுமா? பிளஸ் டூல சர்க்கார் குடுத்த விலையில்லா லேப்டாப்பு அவகிட்ட இருக்குதல்ல. 2011-ல செயலலிதா அம்மா ஆரம்பிச்ச திட்டம். உங்கப்பன் அதைப் பழைய இரும்புக்குப் போடுன்னான். இவ கம்முனு காந்திபுரம் போயி, சுத்தற ஆர்டு டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டுக்கிட்டா. ராம் இன்னொன்னு சொருவுனா. லினக்ஸ் ஏத்திக்கிட்டா, அதுக்கு லைசன்சுக் காசு கெடையாது. இப்ப பள்ளிக்கூடத்துக்கு வினாத்தாள் அடிக்கறது, காட்டுக் கணக்கு, எல்லாம் அதுலதான். வீடியோ எடிட்டிங், பெரிய கேம்னா அது தாங்காது, ஒத்துக்கறேன். அவ எடிட் பண்றது எங்களத்தான். நானும் உங்க மாமனும் தப்பாப் பேசுனா உடனே திருத்துவா.

செலவுக்கு அப்புச்சி ஒரு அளவுகோல் வெச்சிருக்கறேன். ரிப்பேருக்குக் கேக்கற காசு, அதே ரகம் செகண்ட்சுல கெடைக்கற வெலையத் தொட்டுச்சுன்னா ரிப்பேரை விட்டுரு. திரை ஒடஞ்சு, போர்டும் போயி, அப்டேட்டும் நின்னு போன போனுக்குக் காசு செலவழிக்கறது பாசம், சிக்கனம் இல்ல. அப்படி ஆனது உன்றதுன்னா வாங்கிரு, நானே கூட வர்றேன்.

வட்டியில்லாத தவணைன்னு மட்டும் என்கிட்டச் சொல்லாதே. அப்படி ஒன்னு கெடையவே கெடையாதுன்னு ரிசர்வ் பேங்கே 2013-ல பேங்குகளுக்குச் சுற்றறிக்கை விட்டுச்சு. வட்டிய பிராசசிங் சார்ஜுன்னு வேற சட்டை போட்டுக் கூட்டிட்டு வருவாங்க, இல்லாட்டி ரொக்கத்துக்குக் கெடைக்க வேண்டிய தள்ளுபடிய முழுங்கிருவாங்க. நம்ம ஊர்ல வட்டிக்கு விடறவன் கூட மூஞ்சிக்கு நேரா வட்டின்னுதான் சொல்லுவான். அந்த நேர்மை கடைல இல்ல.

இத்தனையும் கேட்டுட்டு மண்டைய மண்டைய ஆட்டறே. கண்ணு மட்டும் அந்த விளம்பரத்த விட்டு நகர மாட்டேங்குது. செரி, போய் வாங்கு. பழசை எக்ஸ்சேஞ்சுல போட்டுக் கடைக்காரன் நீட்டற நோட்டுக்குப் பல்லக் காட்டாதே. படத்தயெல்லாம் எடுத்து வெச்சுட்டு, கூகுள் கணக்குல இருந்து வெளிய வந்துட்டு, அப்புறமா ரீசெட் பண்ணு. கணக்கோட அழிச்சா அடுத்தவங்க தொறக்கறப்ப உன்ற பாஸ்வேர்டைக் கேட்டாலும் கேக்கும். தொடச்சு, சார்ஜரோட இங்க கொண்டாந்து குடுத்திரு. எனக்கு இல்ல சாமி. ஞாயித்துக்கெழமை நீ சோறு தின்னுட்டுத் தூங்கறப்ப உன்ற மாமன் மவ அந்தப் போனை நோண்டிப் பாத்தா. அப்டேட் இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்குதாமா, பேட்டரி மட்டுந்தான் போயிருக்குதுன்னு சொன்னா. நீ எப்படியும் புதுசு வாங்கிருவேன்னு, நேத்தே அதுக்குப் பேட்டரி ஆர்டர் போட்டுட்டா.