கடன் அவளுக்கு, தவணை எங்களுக்கு

எங்கள் வீட்டில் யார் தலை எப்போது மொட்டையாகும் என்பது பழனி முருகனுக்கும் அப்பத்தாவுக்கும் மட்டுமே தெரியும். எனக்குக் காய்ச்சல் விட்டால் அப்பாவுக்கு மொட்டை. அப்பாவுக்கு இடமாற்றம் நின்றால் எனக்கு மொட்டை. வேண்டிக்கொள்வது அவள், தவணை கட்டுவது நாங்கள். ராத்திரியோடு ராத்திரியாக மஞ்சள் துணியில் ஒற்றை ரூபாயை முடிந்து சாமி படத்தடியில் வைத்துவிடுவாள். காலையில் புது முடிச்சைப் பார்த்ததும் வீட்டு ஆண்கள் எல்லாரும் தலையைத் தடவிக்கொள்வோம்.

2021-இல் அறநிலையத்துறைக் கோயில்களில் மொட்டை போடக் கட்டணம் கிடையாது என்று அரசு அறிவித்தது. ஊருக்கே நல்ல செய்தி. அப்பா மட்டும் பாய்ந்துபோய் டிவியை அணைத்தார். அதற்குள் அப்பத்தா காதில் விழுந்துவிட்டது. அந்த வருஷப் பட்டியலில் மாப்பிள்ளைகளும் சேர்ந்தார்கள்.

இவ்வளவு கடன் வாங்கியவள் ஊரில் ஒருவரிடமும் அரைப்படி அரிசி கைமாற்று கேட்டதில்லை. தாத்தா போனபோது சித்தப்பா தொட்டிலில். இருந்தது கொஞ்சம் வானம் பார்த்த பூமியும் சில ஆடுகளும். சிவகங்கைப் பக்கத்து மழையை நம்பி மூன்று பையன்களை வளர்ப்பதற்குப் பழனியாண்டவரை நம்புவது எவ்வளவோ மேல் என்று அவள் முடிவு செய்திருக்க வேண்டும். பங்காளிகள் உதவ வந்தபோது, "நான் கேட்டு வாங்கிக்க முருகன் இருக்கான், நீங்க போயி ஒங்க பொழப்பப் பாருங்க" என்று வாசலோடு அனுப்பியதாகச் சொல்வார்கள். சாமியிடம் பட்ட கடனைப் பிள்ளைகள் தலையில் கட்டலாம், பங்காளியிடம் பட்டால் பிள்ளைகள் தலை குனியும். இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவே வெகுகாலம் ஆனது.

வரப்புத் தகராறில் பெரியப்பாவும் அப்பாவும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அப்பத்தா பஞ்சாயத்து வைக்கவில்லை, முடிச்சுப் போட்டாள். தைப்பூசத்துக்கு இருவரும் சேர்ந்து பாதயாத்திரை போக வேண்டுமாம். சாமி விஷயம், மறுக்க முடியாது. குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி வரை ஆளுக்கொரு ஓரமாக நடந்தார்கள். நத்தத்தில் பெரியப்பாவுக்குக் காலில் கொப்புளம். தைலம் அப்பா பையில். "எடு" என்றார் பெரியப்பா. அவ்வளவுதான் பேச்சு. திண்டுக்கல்லில் ஒரே இலையில் அன்னதானம். ஒட்டன்சத்திரம் வந்தபோது அண்ணனும் தம்பியும் ஒரு விஷயத்தில் முழுமையாக ஒத்துப்போயிருந்தார்கள்: அம்மாவை இனிமேல் தனியாகச் சாமி கும்பிட விடவே கூடாது.

சித்தப்பா கதை வேறு. அவருடைய சர்க்கரை குறைய வேண்டும் என்று சமயபுரத்தாளுக்குப் பச்சைப் பட்டினி விரதம் நேர்ந்துவிட்டாள். பக்தர்களுக்காக மாரியம்மனே 28 நாள் சமைத்த சோறு இல்லாமல் இருக்கும் விரதம் அது. துள்ளுமாவு, பானகம், நீர்மோர், இளநீர்தான் அவளுக்கு நைவேத்தியம். குடும்ப வரலாற்றிலேயே ஒரு நேர்த்திக்கடனைச் சந்தோஷமாக ஏற்றவர் சித்தப்பாதான். துள்ளுமாவிலும் வெல்லம், பானகத்திலும் வெல்லம், சித்தியால் வாய் திறக்க முடியவில்லை. மூன்றாம் நாள் செம்போடு பிடிபட்டார். "ஆத்தாளுக்குச் சக்கர வியாதி இல்ல, ஒனக்கு இருக்கு. மோர மட்டும் குடி" என்று தீர்ப்பானது.

போன வருஷம் அப்பத்தாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. நல்லபடியாக எழுந்து நடந்தவள், டாக்டருக்கும் மொட்டை வேண்டியிருப்பதைத் தெரிவித்தாள். டாக்டர் சிரித்துக்கொண்டே குனிந்து தலையைக் காட்டினார். வழுவழு வழுக்கை. அப்பத்தா அசரவில்லை.

"அப்ப பழனி மலைப்படி ஏறிருங்க தம்பி. 693-தான்."

"1966-லயே விஞ்ச் வந்துடுச்சே பாட்டி, அதுல போய்க்கிறேன்."

"அது முடியாதவுகளுக்கு. ஒங்களுக்கென்ன, முழங்காலா வலிக்குது?"