இன்னொரு டெமோ பாத்துக்கலாமுங்

கிஃப்ட் கடை அண்ணன் பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கப்போகிறார். ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலையிலிருந்தே வாங்கப்போகிறார். நடுவில் கொரோனா வந்து போனது, அவர் மகளுக்குக் கல்யாணமாகிப் பேரன் பிறந்தான், 12 சதவீத வரியே ஒழிந்துபோனது. அண்ணன் இன்னும் டெமோ பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சும்மா ஒன்றும் பார்ப்பதில்லை. ஷோகேஸ் மேலிருக்கும் கண்ணாடித் தாஜ்மஹாலைத் தன் கையாலேயே நகர்த்தி லேப்டாப்புக்கு இடம் பண்ணிக் கொடுப்பார். டீ சொல்வார். "தம்பிக்கு எந்தூருங்? பொள்ளாச்சியா? அட, நம்ம சின்ன மாமனார் ஊருதானுங்." அவ்வளவுதான், டெமோ காட்ட வந்த பையன் மனசுக்குள் ஆர்டர் ஃபாரத்தை எழுத ஆரம்பித்துவிடுவான்.

பிறகுதான் கேள்விகள்.

"ஏனுங் தம்பி, கரண்டு போச்சுனா?"

"யூபிஎஸ் போட்டுக்கலாங்ணா."

"அதும் போச்சுனா?"

"மொபைல்லயே பில் போடலாங்ணா."

"மொபைல்ல சார்ஜ் இல்லீனா?"

பையன் ஒரு வாய் டீ குடித்துக்கொள்வான். "அப்ப... கையிலதாங்ணா எழுதோணும்."

அண்ணன் என் பக்கம் திரும்புவார். முகத்தில் கேஸ் ஜெயித்த வக்கீலின் களை. "பாத்தீங்ளா? சுத்திச் சுத்தி வந்தாலும் கடைசியில பில் புக்குதானுங்."

அடுத்தது, அழிப்புப் பரீட்சை. போட்ட பில்லை அழிக்க முடியுமா? முடியும் என்றால், "அப்ப கடைப் பாப்பா அழிச்சுப்போட்டுக் காசை எடுத்துக்கிட்டா?" முடியாது என்றால், "அப்ப நாந் தப்பாப் போட்டுட்டா?" ஓனருக்கு மட்டும் தனிப் பாஸ்வேர்டு இருக்கிறது என்று பையன் சொன்னால், அதை மறந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு இன்னொரு அரை மணி நேரம். இதற்கு நடுவில் பட்டயக் கணக்கர் யாரோ கல்யாண வீட்டில் சொன்ன 'ஆடிட் டிரெயில்' வேறு வரும். பில்லில் கைவைத்தால் தடம் பதிகிற சாஃப்ட்வேரைத்தான் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1-இல் வந்தது உண்மை. அது கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனங்களுக்கு. பத்துக்குப் பன்னிரண்டு கடையில் தனி ஆளாக டெடி பியர் விற்பவரை அது சீண்டாது. பலமுறை சொல்லியாகிவிட்டது. "இருந்தாலும் நாளைக்கு நமக்கும் வந்துட்டா?"

சந்தேகப்படுவதைத் தப்பென்று சொல்லமாட்டேன். கல்லா எந்திரமே சந்தேகத்தில் பிறந்ததுதான். அமெரிக்காவில் டேட்டன் என்ற ஊரில் சாராயக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி, வேலையாட்கள் கல்லாவில் கைவைப்பதைப் பொறுக்கமாட்டாமல் 1879-இல் அதைச் செய்தார். ஆனால் ரிட்டி சந்தேகப்பட்டுவிட்டு எந்திரத்தைச் செய்து முடித்தார். அண்ணன் சந்தேகப்படுவதோடு சரி.

பார்க்காத சாஃப்ட்வேர் இல்லை. டேலி 1986-லிருந்து இருக்கிறது என்றால், "ரொம்பப் பழசுங்." போன வருஷம் வந்ததைக் காட்டினால், "நாளைக்குக் கடையைச் சாத்திட்டுப் போயிட்டா?" கோஃப்ரூகல்காரர்கள் சென்னை. "மெட்ராஸ்லருந்து ஆளு வரோணுமே." வியாபார், மார்க் எல்லாம் கடைசிச் சுற்றுவரை வந்து நிற்கின்றன. அந்தச் சுற்று முடிந்ததாக வரலாறு இல்லை.

இதில் எனக்கென்ன வந்தது என்றால், அவருடைய ரிட்டர்னைப் போடுகிறவன் நான். 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 ஏற்ற வேண்டும். சில்லறை விற்பனைக்கு வாங்கினவர் பேரெல்லாம் வேண்டாம், எந்த வரியில் எவ்வளவு விற்றது என்ற தொகை போதும். அந்தத் தொகைதான் வராது. 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு சாதா பொம்மைக்கு 5 சதவீதம். அதே பொம்மை பேட்டரியில் பாட்டுப் பாடினால் 18. சுவர்க்கடிகாரமும் சென்ட்டும் 18. அண்ணனின் பில் புக்கில் எல்லாமே 'ஃபேன்சி'. கடை இருக்கிற திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை கடையில் கால்வைக்க இடம் இருக்காது. அந்த ஒரு நாள் வியாபாரம் முழுவதும், பில் புக்கைப் போட்டு அவர் எனக்கு அனுப்பும் மஞ்சள் பையிலிருந்து ஒரே வரியாக வெளியே வரும்: 'ஞாயிறு – பொம்மை வகை'. பாடினதா பாடாததா என்று நான் போன் போட்டுக் கேட்க வேண்டும்.

கேட்டால் சொல்வார், அதுதான் ஆச்சரியம். எந்த அலமாரியில் எத்தனை தும்பிக்கை உடைந்த யானை கிடக்கிறது என்பதுவரை அவருக்கு மனப்பாடம். ஊருக்கு ரயிலேறப்போகும் ஒடிசாக்காரத் தையல்காரர் பிள்ளைக்குப் பொம்மை வாங்கினால், இரண்டு நாள் பயணத்தைத் தாங்கவேண்டும் என்று தெர்மாகோல் வைத்துக் கட்டிக் கொடுத்து, தனக்குத் தெரிந்த இந்தியில் ஆசீர்வாதமும் பண்ணுவார். எந்த சாஃப்ட்வேரிலும் இதற்குப் பட்டன் கிடையாது.

இந்த டெமோ வியாதி அவருக்கு வந்த வழியும் எனக்குத் தெரியும். கடை போடுவதற்கு முன்னால் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவர். வெள்ளைக்கார பையருக்கு ஃபிட் சாம்பிள் அனுப்பினால் கழுத்து அரை சென்டிமீட்டர் அதிகம் என்று திரும்பி வரும். லேப் டிப் அனுப்பினால் நீலம் போதாது. சைஸ் செட், அதற்கப்புறம் பிபி சாம்பிள், கூரியர் செலவு கம்பெனித் தலையில். எல்லாம் ஓகே ஆனபிறகு, ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் அனுப்பும் வங்கதேசத்துக்கு ஆர்டர் போய்விடும். வாங்குகிறவன் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், காட்டுகிறவன் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை அங்கேதான் படித்தார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு சாம்பிள் பீஸுக்குப் பிசிர் வெட்டியவர், இப்போது மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன், போன மாதம் வந்த பையனைப் பார்க்காதிருந்தால். "நம்ம சரக்கை ஏத்திக் காட்டுங் தம்பி, அப்பத்தான புரியும்" என்றார். அவன் இரண்டு நாள் கோயமுத்தூரிலிருந்து பைக்கில் வந்து, பெயர், விலை, எச்எஸ்என் எண் எல்லாவற்றையும் நின்றபடியே டைப் அடித்தான். கடையிலிருந்த ஒரே ஸ்டூலில் ஒரு கரடி பொம்மை உட்கார்ந்திருந்தது. முடித்ததும் அந்தப் பட்டியலை எக்செல்லில் வாங்கி வைத்துக்கொண்டு, "இன்னொரு டெமோ பாத்துக்கலாமுங்" என்று அனுப்பிவிட்டார். அந்தப் பட்டியல் இப்போது அடுத்த கம்பெனிப் பையனிடம் இருக்கிறது. முதல் பையனுக்கு அந்த மாதம் டார்கெட் எட்டவில்லை என்று கேள்விப்பட்டேன். பெட்ரோல் காசாவது கொடுத்திருக்கலாம். இது டெமோ இல்லை, கூலி கொடுக்காமல் வாங்கிய வேலை. அதை அவரிடமே சொன்னேன், தாஜ்மஹாலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதனால் நானும் ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் மஞ்சள் பையைப் பிரித்து, பாடுகிற பொம்மை வேறு பாடாத பொம்மை வேறு என்று அடுக்குவதற்குத் தனி ஃபீஸ் என்று போனில் சொல்லிவிட்டேன். அண்ணன் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார்.

"செரிங் தம்பி. ஒரு மூணு மாசம் ஃப்ரீயாப் பண்ணிக் காட்டுங். புடிச்சுதுனா பாத்துக்கலாமுங்."