சூனஸ் சார், சிவப்பு அட்டை!

கால்பந்து வீரர் கிரேம் சூனஸ் அவ்வளவு முரட்டு ஆட்டக்காரரா?

1986-ல் ரேஞ்சர்ஸ் அணிக்கு ஆட்டக்காரரும் அவரே, மேனேஜரும் அவரே. ஹிப்ஸ் அணியுடன் முதல் லீக் ஆட்டத்திலேயே சிவப்பு அட்டை! மேனேஜரை யார் கண்டிப்பது?

முரடருக்குப் பாஸ் கொடுக்கத் தெரியுமா?

1978 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், வெம்பிளி. கூட்டத்துக்கு நடுவே சூனஸ் நைஸாகத் தள்ளிய பந்தை சக ஆட்டக்காரர் டால்கிளிஷ் கோல்கீப்பருக்கு மேலே தூக்கிப் போட்டார். அவர்களுடைய லிவர்பூல் அணிக்குக் கோப்பை. 1984-ல் கேப்டனாக மறுபடியும் வாங்கினார். அதுவும் ரோமில், ரோமா அணியின் சொந்த மைதானத்தில்.

அவரையே ஏமாற்றியவர் உண்டா?

உண்டே! 1996-ல் அவர் சவுத்தாம்ப்டன் மேனேஜர். 'ஜார்ஜ் வேயா பேசுகிறேன், என் உறவுக்காரப் பையன் நன்றாக ஆடுவான்' என்று நட்சத்திர ஆட்டக்காரர் வேயாவின் பெயரில் ஒரு போன். பையன் பெயர் அலி தியா. மாற்று ஆட்டக்காரராக இறக்கினார்கள். ஆட்டம் முடிவதற்குள் தியாவுக்கே மாற்று ஆள் வந்துவிட்டார். சிபாரிசு எந்த ஊரில்தான் இல்லை? நிஜ வேயா பிற்பாடு லைபீரியாவின் ஜனாதிபதியே ஆனார்.

துருக்கியில் அடி வாங்கியிருப்பாரே?

1996 கோப்பை இறுதி ஆட்டம். ஃபெனர்பாச்சே மைதானத்தின் நட்டநடுவில் தான் மேனேஜராக இருந்த கலட்டாசராய் அணியின் கொடியை ஊன்றினார். எதிர் அணி ரசிகர்கள் கொதித்தார்கள், ஆள் தப்பித்தார்.

ஓய்வுபெற்ற பிறகு டி.வி.யில் திட்டுவது மட்டும்தானா?

காலால் பேர் வாங்கியவர் கைவீசவும் கிளம்பினார்! 2023 ஜூனில், 70 வயதில், குழுவோடு முறைவைத்து ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். தொட்டாலே தோல் கொப்பளிக்கும் பிறவி நோயால் வாடுகிறவர்களுக்கு நிதி திரட்டத்தான். 1992-லேயே இதயத்தில் பைபாஸ் செய்துகொண்டவர் அவர்.